குகையிலிருந்து கடைத்தெருவுக்கு

குகை என்னும் சொல் செவியில் விழுந்ததும் இருளும் தனிமையும் அச்சமுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. தமிழும் அரபும் இச்சொல்லைப் போற்றிய பாங்கோ வேறு. சங்கப் புலவர்கள் அதனை முழை என்றும் அளை என்றும் விடர் என்றும் பல பெயரிட்டு அழைத்தனர். மகன் எங்கே என்று கேட்டவளுக்கு மறுமொழி சொல்ல வந்த புறநானூற்றுத் தாய் ஒருத்தி, அவனைச் சுமந்த தன் வயிற்றைப் புலி இருந்துவிட்டுப் போன குகைக்கு ஒப்பிட்டாள். அரபு அகராதியாளர்கள் மலையில் அகன்று விரிந்த குகையைக் கஹ்ஃப் என்றும், சிறியதாய் ஒடுங்கியதை ஃகார் என்றும் பிரித்துரைப்பர். குகைத்தோழர்கள் துயின்ற இடத்தைத் திருக்குர்ஆன் கஹ்ஃப் என்கிறது. நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் தௌர் மலையில் மறைந்திருந்த இடத்தை ஃகார் என்கிறது. அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும், உள்ளே புகுந்த அந்த நல்லோர் அனைவரும் வெளியே வந்தார்கள் என்பதே நாம் ஊன்றி நோக்கத் தக்கது.

மதரசாவில் பல்லாண்டுகளாக நாம் சொல்லிக் கொடுத்துவரும் பாடம் இது. சென்ற ஆண்டு ஜூன் மாதம் நம் வீட்டிலேயே ஒரு குகை உண்டானது. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதியும் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் பெறாத நம் இளைய மகன், தன் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக் கொண்டான். தொழுகைக்கு வருவான், தொழுததும் திரும்பிவிடுவான். உணவுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு அவன் தாயார் சற்று நின்று பார்த்துவிட்டு வருவார். துக்கம் விசாரிப்பவர்களைப்போல் வந்த உறவினர் சிலர், அவன் செவியில் விழும்படியாகவே அண்டை வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்களை எடுத்துரைத்துச் சென்றனர். பதினொரு மாதங்கள் இவ்வாறே கழிந்தன.

இந்த மே மாதம் மூத்த மகள் தன் கணவரோடும் இரு குழந்தைகளோடும் விடுமுறைக்கு வந்தாள். எல்லோரும் வேனில் புறப்பட்டு, இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான மாந்தோப்பில் மூன்று நாள் கூடாரமடித்துத் தங்குவது என்று அவளே திட்டமிட்டாள். தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றே: கூடாரம் கட்ட ஆள் வேண்டும்.

மதுரையிலிருந்து திருமங்கலத்தை நோக்கிச் செல்கையில் திருப்பரங்குன்றம் கண்ணில் பட்டது. சிக்கந்தர் மலை என்று நம்மவர் அழைக்கும் அக்குன்றில்தான் தொண்டிக்கு அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் நாற்பது நாள் தனித்திருந்து இறைதியானம் செய்தார்கள் என்பது வரலாறு. பின்னர் மலையைவிட்டு இறங்கிவந்த அவர்கள், 1838இல் சென்னையில் மறையும் வரையில் பாடிய பாடல்களே இன்று தமிழின் செல்வமாய் நிற்கின்றன. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் கடந்து, ஸ்ரீவில்லிபுத்தூரின் கோபுரம் தொலைவிலேயே தெரிய, மாலையில் தோப்பை அடைந்தோம்.

காட்டுக்குள் கூடாரமடிக்கலாகாதா என்று பேரக் குழந்தைகள் கேட்டனர். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இக்காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. நினைத்தவர் நினைத்த இடத்தில் தங்குவதற்கில்லை. அன்றியும், 2015 மே மாதம் சதுரகிரி மலை ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருகிப் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைதானே என்று அதன் கரையில் பாய்விரிப்பது அறிவுடைமையன்று. ஆகவே ஓடைக்கு வெகுதூரத்தில், மேட்டில் நின்ற சப்பட்டை மாமரங்களின் நடுவே தார்ப்பாயைக் கட்டினோம். கயிறுகளை இழுத்து முடிந்தவன் இளைய மகனே. வேலை முடிந்ததும் வேனுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். அவனை யாரும் அழைக்கவில்லை.

மறுநாள் தென்காசிச் சாலையில் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகச் சென்று, கடையநல்லூர்ப் பக்கத்துத் திருமலைபுரம் குன்றில் ஏறினோம். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் அது. சமயத்தால் வேறாயினும், அதைக் குடைந்த கைகளும் நம் மண்ணின் கைகளே. சித்தன்னவாசலைப்போல் இங்கும் சுதைப் பூச்சின்மீது தீட்டிய ஓவியங்கள் சிதைந்து எஞ்சியிருக்கின்றன. அதே குன்றில் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுபோன இன்னொரு குடைவரையும் உண்டு. எல்லோரும் ஓவியத்தைத் தேடி அண்ணாந்து நிற்க, இவன் மட்டும் அந்த முற்றுப்பெறாத பாறையின் முன் நெடுநேரம் நின்றான்.

“அத்தா, பாதியில் விட்டதை யாரும் இடித்துத் தள்ளவில்லையே?” என்றான்.

“அதைப் பார்க்கவும்தானே இவ்வளவு தூரம் ஏறி வந்தோம்” என்றோம். அவன் வேறொன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் குழந்தைகள் கதை கேட்டனர். தௌர் குகையின் கதையைச் சொன்னோம். சிலந்தியையும் புறாவையும் பற்றி அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆதலின் குகைக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றிச் சொன்னோம். கி.பி. 622இல் அந்த மூன்று இரவுகளும் அபூபக்கர் (ரலி) அவர்களின் குடும்பமே காவலாய் நின்றது. மகன் அப்துல்லாஹ் பகலெல்லாம் மக்காவில் திரிந்து செய்தி சேகரித்து இரவில் கொண்டுவந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுத்தார். மகள் அஸ்மா, வழிப்பயணத்துக்கான உணவுப் பையைக் கட்டக் கயிறின்றித் தம் இடைக்கச்சையையே இரண்டாகக் கிழித்தார். உள்ளே இருந்தவர்களை, ஏன் ஒளிந்தீர்கள் என்று கேட்டவர் அவர்களுள் எவருமில்லை. வெளியேறும் நாள் வரையில் சோறும் பாலும் செய்தியும் சுமந்தார்கள். ஹிராவும் அப்படியே. நாயகம் (ஸல்) அவர்கள் உணவு தீர்ந்ததும் கதீஜா நாயகியாரிடம் திரும்பிவந்து, மீண்டும் எடுத்துக்கொண்டு மலையேறுவார்கள்.

வேனின் கதவு திறந்தே இருந்தது. கதையின் நடுவே உள்ளிருந்து ஒரு குரல், “குகைத்தோழர்கள் விழித்தெழுந்ததும் முதலில் என்ன செய்தார்கள், சொல்லுங்கள்” என்று குழந்தைகளைக் கேட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை. அவனே சொன்னான்: எவ்வளவு நேரம் உறங்கினோம் என்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டு, பின்னர் வெள்ளிக்காசைக் கொடுத்துத் தம்முள் ஒருவரை, தூய உணவு பார்த்து வாங்கிவருமாறு நகருக்கு அனுப்பினார்கள் என்று. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் உறங்கியவர்கள் முதலில் கண்ட இடம் கடைத்தெரு.

மூன்றாம் நாள் காலைப் பசியாற ரொட்டி இல்லை. அவன் தாயார் பணத்தை எடுத்து நீட்டி, “ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்வா தம்பி, பார்த்து நல்லதாக வாங்கு, பிள்ளைகளுக்குப் பால்கோவாவும் வேண்டுமாம்” என்றார். “மாமா, நானும்” என்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் பேருந்தேறிச் சென்று, பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்துக்குத்தான் திரும்பினர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவா, அகன்ற சட்டியில் பாலும் சர்க்கரையும் இடைவிடாமல் கிளறக் கிளறச் சுண்டித் திரளுவதைக் கடை வாசலில் நின்று பார்த்தார்களாம். பதினொரு மாதங்களுக்குப் பிறகு அன்று அவன் கால் மணி நேரம் தொடர்ந்து பேசினான். பேசியதெல்லாம் பாலைப் பற்றித்தான். அவன் தாயார் அப்பால் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி மூன்று வாரங்களாகின்றன. எதைப் படிப்பது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அறைக்குள்தான் பெரும்பொழுதும் இருக்கிறான். ஆனால் கதவு தாழிடப்படுவதில்லை. காலையில் கடைக்குச் செல்வது அவன் வேலையாயிற்று.

இதனை எழுதக் காரணம், இக்கோடையில் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் எத்தனையோ இல்லங்களில் கதவுகள் சாத்தப்படும் என்பதே. பெற்றோரே, மகன் உண்ணவும் உறங்கவும் மறந்தாலோ, வாழ்வையே வெறுத்துப் பேசினாலோ, தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே. அப்படி இல்லையெனில், கதவைத் தட்டி உடைக்க வேண்டா. அண்டை வீட்டார் மதிப்பெண்ணை வாசலில் உரக்கச் சொல்ல வேண்டா. அஸ்மாவைப்போல் உணவு கொண்டு செல்லுங்கள். அப்துல்லாஹ்வைப்போல் வெளியுலகின் நற்செய்தியைக் கொண்டு செல்லுங்கள். அவன் எழும்போது கையில் கொடுக்க ஒரு காசும், செய்து முடிக்கத் தக்க ஒரு சிறு வேலையும் ஆயத்தமாய் இருக்கட்டும். வழி திறப்பவன் வல்ல நாயன்.