முப்பது, ஐம்பது, நாற்பது

தம்பி தேடிப் பிடித்த கிளினிக், தனியார் மருத்துவர்களுக்குப் பேர்போன ஹார்லி தெருவில் இல்லை. வடமேற்கு லண்டனில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே கீழிருந்து பல் ராவும் சத்தம் கேட்டது. "நல்ல சகுனம்" என்றான்.

அவனுக்கு வயது முப்பத்து நான்கு, மென்பொருள் வேலை. ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தை அவன் மேலாளர்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். வரிசையில் நின்றால் பல பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் தனியாரிடம் வந்தான். இப்போது இந்தப் பரிசோதனை பெரும்பாலும் வீடியோவிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் நேரில்தான் போவேன் என்று நின்றான். 2023 மே மாதம் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி இப்படிப்பட்ட மூன்று தனியார் கிளினிக்குகளுக்குத் தன் நிருபரை நோயாளிபோல் அனுப்பியது. மூன்றும் அவருக்கு ஏ.டி.ஹெச்.டி. என்றன. என்.ஹெச்.எஸ். நிபுணர் ஒருவர் நேரில் உட்கார வைத்து விரிவாக விசாரித்துவிட்டு, இல்லை என்றார். அதற்குப் பிறகு தனியார் அறிக்கை என்றாலே புருவம் உயர்த்தும் ஜி.பி.க்கள் (குடும்ப மருத்துவர்கள்) உண்டு. தம்பிக்கு அது தெரியும்.

நான் போனது துணைக்கு அல்ல, சாட்சியாக. பெரியவர்களுக்கு இந்த நோயை உறுதி செய்ய, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தன என்று தெரிய வேண்டும். சிறுவயதிலிருந்து கூட வளர்ந்த ஒருவர் பேசினால் நல்லது. அம்மா மதுரையில் இருப்பதால் அக்காவான என்னைக் கூப்பிட்டான்.

மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். அவன் முன்கூட்டியே நிரப்பி அனுப்பிய பதினெட்டுக் கேள்விப் படிவம் அவர் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இது உலக சுகாதார நிறுவனத்தின் படிவம், இணையத்தில் யாரும் நிரப்பலாம். அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டியிலேயே இருக்கிறது. படிவத்தை நகர்த்தி வைத்துவிட்டு, டிவா என்ற நேர்காணல் தாள்களை எடுத்தார். கவனக்குறைவுக்கு ஒன்பது கேள்வி, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்பார்: இப்போது எப்படி, சின்ன வயதில் எப்படி? பெரியவர்களுக்கு ஏதேனும் ஒரு பிரிவில் ஐந்து அறிகுறியாவது தேற வேண்டும். அதுவும் வேலையில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டிலும் இருக்க வேண்டும்.

"மறதி உண்டா?" என்று கேட்டு, "உண்டு" என்று சொன்னால் அவர் விடவில்லை. கடைசியாக எதை மறந்தாய், எப்போது, அதனால் என்ன ஆயிற்று? தம்பி, வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் கதையைச் சொன்னான். பணம் கையில் இருந்தது, கடிதமும் வந்தது, பிரிக்கவில்லை. அடுத்தது வந்தது, அதையும் பிரிக்கவில்லை. நீதிமன்ற அழைப்பாணை வரை போன பிறகுதான், செருப்பு அலமாரியில் அடுக்கியிருந்த உறைகளை எல்லாம் ஒரே ராத்திரியில் கிழித்துப் பார்த்திருக்கிறான். இதை அவன் என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

என் முறை வந்தது. கையோடு அவனுடைய நான்காம் வகுப்பு ரேங்க் கார்டு கொண்டுபோயிருந்தேன். அம்மா பீரோவிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பியது. மதிப்பெண்கள் மோசமில்லை, ரேங்க் ஏழு. கீழே ஆசிரியை எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்: நன்றாகப் படிக்கிறான், இடத்தில் உட்காருவதில்லை, நோட்டுகளைத் தொலைக்கிறான். மருத்துவர் ரேங்கைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். நன்றாகப் படித்திருக்கிறானே, எப்படி?

அம்மாவுக்கே போன் போட்டோம். "அவனா? நான் பக்கத்துல உட்காந்தாத்தான் எழுதுவான். எந்திரிச்சேன்னா அவனும் எந்திரிச்சுருவான். பத்தாவது வரைக்கும் ராத்திரி பையை நான்தான் அடுக்கி வெப்பேன். காலேஜுக்குப் போயி ஹாஸ்டல்ல விட்டோம், முதல் செமஸ்டரே மூணு அரியர்." நான் மொழிபெயர்க்க, மருத்துவர் வேகமாக எழுதிக்கொண்டே வந்தார். அம்மா பக்கத்தில் இருந்தவரை குறை வெளியே தெரியவில்லை, அம்மா நகர்ந்ததும் தெரிந்துவிட்டது. நம் வீடுகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி எதுவும் இருக்காது என்று எல்லோரும் நம்புவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் பட்டது.

பிறகு தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், மது, கஞ்சா. இவற்றில் எதுவும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கினார். இதயத்தைப் பற்றித் தனியாகக் கேட்டார். குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா? இல்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்றேன், குறித்துக்கொண்டார். ரத்த அழுத்தம், நாடி, எடை, உயரம் எல்லாம் அங்கேயே பார்த்தார்கள். நாடி 74.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முடிவு, ஏ.டி.ஹெச்.டி.தான், கவனக்குறைவு மேலோங்கிய வகை. எனக்கு அத்துடன் வேலை முடிந்தது போலிருந்தது. அவனுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒருவருக்கு ஒத்துப்போகும் அளவைக் கண்டுபிடிப்பதை டைட்ரேஷன் என்கிறார்கள். பெரியவர்களுக்கு முதலில் தருவது மெத்தில்ஃபெனிடேட் அல்லது லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின். தம்பிக்கு இரண்டாவது, இங்கே எல்வான்ஸ் என்ற பெயரில் வருவது. அம்மாவின் முதல் கேள்வி என்னிடம்தான்: "என்னடி, போதை மருந்துங்குறாங்களே? அடிமையாயிட்டான்னா?" அது ஆம்ஃபெட்டமின் குடும்பம்தான், பொய் சொல்ல முடியாது. ஆனால் விழுங்கியவுடன் வேலை செய்யாது. லைசின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டியிருக்கும் மருந்தை, ரத்தச் சிவப்பணுக்கள் பிரித்தெடுத்தால்தான் பலன். அதனால் குப்பென்று ஏறாமல் நிதானமாக ஏறும். அம்மா பாதிதான் சமாதானமானாள்.

மருந்துச் சீட்டு தபாலில் வந்தது. இளஞ்சிவப்புத் தாள், கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான தனியார் சீட்டு. மொத்தம் எத்தனை காப்ஸ்யூல் என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதியிருக்க வேண்டும், தேதியிலிருந்து 28 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும். அவனுக்கு அலுவலகத்தில் கூட்டம் இருந்ததால் நான் வாங்கப் போனேன். மருந்தாளுநர் என் அடையாள அட்டையைப் பார்த்து, பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பூட்டிய அலமாரியைத் திறந்தார்.

ஆரம்பம் 30 மில்லிகிராம், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு காப்ஸ்யூல். காலையில் மட்டும்தான், மதியம் போட்டால் தூக்கம் போய்விடும். போடுவதற்கு முன் வயிறார இட்லி சாப்பிட்டுவிடச் சொன்னேன், பிறகு பசியே இருக்காது. கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. இயந்திரம் ஒன்று வாங்கினான். காலை, மாலை எழுதி வைத்து வாரந்தோறும் செவிலியருக்கு அனுப்ப வேண்டும். சீட்டு எழுதும் தகுதி பெற்ற செவிலியர் அவர். முழுக்க வீடியோவில்தான் பேசினார், ஆனால் மருத்துவரைவிட அவரிடம்தான் தம்பி அதிகம் பேசியிருப்பான்.

30இல் மதியம் வரை பரவாயில்லை, மூன்று மணிக்கு மேல் பழைய கதை. 50க்கு ஏற்றினார்கள். பகல் முழுக்கத் தெளிவாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனபோது ஒரே உட்காரலில் வரிக் கணக்கை முடித்திருந்தான். ஆனால் நான் கொண்டுபோன மீன் குழம்பைத் தொடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பதாகச் சொன்னான். நாடி நூறை ஒட்டியே நின்றது. அவனுக்கு 50ஐ விட மனமில்லை, "பழகிடும்க்கா" என்றான். செவிலியர் ஒப்பவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்பதற்காக இதயத்தையும் தூக்கத்தையும் பணயம் வைக்க முடியாது என்று 40க்கு இறக்கினார். நியாயம் அவர் பக்கம்தான். கூடுதலான அளவே நல்ல அளவு என்று நினைக்கும் பழக்கம் நமக்கு எல்லா மருந்திலும் உண்டு.

40க்கான சீட்டோடு போனபோது கடையில் சரக்கு இல்லை. 20 மில்லிகிராம் காப்ஸ்யூல் இருந்தது, இரண்டாகக் கொடுக்கலாமே என்றேன். முடியாது, சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் என்றார் மருந்தாளுநர். 2023 செப்டம்பரில் தொடங்கிய நாடளாவிய தட்டுப்பாட்டில் எத்தனையோ பேர் இப்படிக் கடை கடையாக அலைந்திருக்கிறார்கள். எங்களுக்கு மூன்றாவது கடையில் கிடைத்தது.

இப்போது 40இல் நிலைத்திருக்கிறான். நாடி எண்பதுகளில், ராத்திரிச் சாப்பாடு திரும்பிவிட்டது, உறைகள் அன்றன்றே பிரிக்கப்படுகின்றன.

மீதி இருப்பது பணம். அளவு நிலைத்த பிறகு, மாதச் சீட்டை உள்ளூர் ஜி.பி. எழுத, ஆண்டுக்கொரு முறை நிபுணர் பார்ப்பார். இதற்குப் பெயர் ஷேர்டு கேர். ஜி.பி. எழுதினால் ஒரு மருந்துக்கு £9.90தான். தனியாரிடமே தொடர்ந்தால் மருந்து மட்டும் மாதம் நூறு பவுண்டை ஒட்டும், சீட்டு எழுதக் கட்டணம் வேறு. ஆனால் ஷேர்டு கேருக்குச் சம்மதிக்க வேண்டும் என்று ஜி.பி.க்குக் கட்டாயம் இல்லை. பரிசோதனைக்கு முன்பே தம்பி தன் ஜி.பி.யிடம் கேட்டான். "கடிதம் வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். கடிதம் போனது. என்.ஹெச்.எஸ். ஒப்பந்தம் உள்ள கிளினிக்காக இருந்தால்தான் ஏற்போம் என்று பதில் வந்தது. அந்த நிபந்தனையை முன்பே சொல்லியிருக்கலாம். அவன் இன்னும் முழுப் பணம் கட்டித்தான் வாங்குகிறான், என்.ஹெச்.எஸ். வரிசையிலும் பெயர் கொடுத்திருக்கிறான்.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் இந்தப் பாதையில் போவதானால், முன்பணம் கட்டும் முன் உங்கள் ஜி.பி.யிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தக் கிளினிக்குகளின் ஷேர்டு கேரை ஏற்பீர்கள்? 'ரைட் டு சூஸ்' உரிமைப்படி, என்.ஹெச்.எஸ். செலவிலேயே நான் தேர்ந்தெடுக்கும் கிளினிக்குக்கு அனுப்புவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஊரிலிருந்து பழைய ரேங்க் கார்டையும் வரவழைத்து வையுங்கள்.