இல்லாத அடுக்கு

பாறையில் உள்ள அடுக்குகளைப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. எது முந்தியது, எது பிந்தியது என்று மட்டும்தான் தெரியும். அந்தச் சின்னத் தகவலை வைத்துக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை.

1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க்காரர் இத்தாலியில் இருந்தபோது ஒரு சிறிய நூல் எழுதினார். சேறும் மணலும் நீருக்கடியில் படிந்து இறுகித்தான் அடுக்குப் பாறைகள் உண்டாகின்றன. ஆகவே கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. படியும்போது அடுக்கு கிடையாகத்தான் இருக்கும். இப்போது சாய்ந்திருந்தால், பிறகு ஏதோ ஒன்று அதைச் சாய்த்திருக்கிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். ஆனால் உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று ஐரோப்பாவில் பலரும் நம்பிய காலம் அது.

1788இல் ஜேம்ஸ் ஹட்டன் இரண்டு நண்பர்களுடன் படகில் ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையோரமாகப் போனார். சிக்கர் பாயின்ட் என்ற இடத்தில், கீழே சாம்பல்நிறப் பாறை அடுக்குகள் அலுமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல் செங்குத்தாக நின்றன. அவற்றின் தேய்ந்த தலைகளுக்கு மேல் சிவப்பு மணற்கல் சற்றே சாய்ந்து படுத்திருந்தது.

ஸ்டெனோவின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். கீழ்ப்பாறை முதலில் கடலடியில் கிடையாகப் படிந்து இறுகியிருக்க வேண்டும். பிறகு மடங்கி நிமிர்ந்து, நீருக்கு மேலே உயர்ந்து, மழையிலும் காற்றிலும் தேய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே மணல் வந்து படிந்து கல்லாகியிருக்க முடியும். இதற்கெல்லாம் ஆறாயிரம் ஆண்டுகள் போதவே போதாது.

ஹட்டனிடம் எண் எதுவும் இருக்கவில்லை. கதிரியக்கத்தைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கீழ்ப்பாறைக்கு ஏறத்தாழ 435 மில்லியன் ஆண்டுகள், மேலுள்ளதற்கு ஏறத்தாழ 370 மில்லியன் ஆண்டுகள் என்று இன்று சொல்கிறார்கள். இடையில் உள்ள 65 மில்லியன் ஆண்டுகளுக்கு அங்கே ஓர் அடுக்குக்கூட இல்லை. இரண்டு பாறைகளும் சந்திக்கும் ஒரு கோடுதான் இருக்கிறது. ஹட்டனுக்குக் காலத்தின் நீளத்தைக் காட்டியது அந்தக் கோடுதான்.

என் வேலையில் சர்வர் லாக்குகளை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு வரி, அடுத்த வரி ஐந்து மணிக்கு என்றால், நாங்கள் முதலில் பார்ப்பது அந்த மூன்று மணி நேரத்தைத்தான். ஒன்றும் எழுதப்படவில்லையா, எழுதியது அழிந்துவிட்டதா? பாறையிலும் இதே கேள்விதான்: படியவே இல்லையா, படிந்தது கரைந்துவிட்டதா?

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஊரில் படித்த கதை வரும், இங்கே வந்திறங்கிய கதை வரும், நடுவில் சில வருடங்கள் மட்டும் வராது. அந்த வருடங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதிகம் நடந்தது அப்போதாகவும் இருக்கலாம். பாறையிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது, இருப்பதை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அம்மம்மாவிடம் கேட்கலாம். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள்.