தாராபுரத்துப் பந்தியிலே

திருப்பூரிலிருந்து அவிநாசிபாளையம், குண்டடம் வழியாகச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்தால் தாராபுரம். பனியன் கம்பெனிகள் மெல்ல மெல்லப் பின்தங்க, காற்றாலைகளும் தோட்டங்காடுகளும் கண்ணில் படுகின்றன. அமராவதி ஆற்றங்கரையிலுள்ள அவ்வூருக்கு, தவக்காலம் தொடங்குமுன் நடைபெற்ற ஒரு திருமணத்திற்காகச் சென்றிருந்தோம்.

திருப்பலி முடிந்து மண்டபத்தை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. பிரியாணியே மண விருந்தாகி வரும் இந்நாளில், இவ்வீட்டார் தலைவாழை இலை போட்டிருந்தனர். செபம் சொல்லி அமர்ந்தோம்.

இலைச் சாப்பாட்டிற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நுனி உண்பவரின் இடப்புறம் இருத்தல் வேண்டும். மேற்பாதியில் உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, கீழ்ப்பாதி சோற்றுக்குரியது. முதலில் இனிப்பாகக் கொங்கு நாட்டு ஒப்புட்டு வந்தது. அடுத்துச் சுடுசோறும் பருப்பும் நெய்யும். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளி இம்மாவட்டத்திலேயே இருக்க, நெய் வார்ப்பவர் கை சுருங்கலாமா? பின்னர் சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பாயசம், இறுதியில் மோர். பசித்த வயிற்றுக்குக் காரமில்லாத பருப்பு இதமளிக்கும். மிளகும் சீரகமும் சேர்ந்த ரசம் செரிக்கச் செய்யும். மோர் குளிர்ச்சி தரும் என்று பெரியோர் காரணம் கூறுவர்.

எமக்கு அருகில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். மணமகனோடு திருப்பூரில் ஒரே கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவராம். இம்முறை அறியாத அவர், சோறு முழுவதிலும் பருப்பை ஊற்றிப் பிசைந்துவிட்டார். சாம்பார் வாளி வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். எதிரிலிருந்த சிறுவர்கள் சிரித்தனர். அவர் முகம் வாடியது. எழுந்துவிடலாமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் பாட்டனார் இதைக் கவனித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சோறு இன்னும் வருமுங்க கண்ணு. மெதுவாச் சாப்பிடுங்க" என்றார். மொழி புரியாவிடினும் குரல் புரிந்தது. பெரியவர் புதிதாகச் சோறு வைத்து, விரலால் மூன்றாகப் பகுத்து, சாம்பாரையும் ரசத்தையும் மோரையும் சுட்டிக் காட்டினார். அவ்விளைஞர் புன்னகைத்தார்.

நாமோ மோர்ச் சோற்றை விரைந்து முடித்திருந்தோம். பேருந்துக்கு நேரமாகிறதென்று இலையை மடிக்கக் கை வைத்தோம். பெரியவர் எம்மைப் பார்த்து, "இருங்க. அவங்க இன்னும் ரசத்துக்கே வரலீங்க" என்றார்.

வெட்கினோம். உப்பு எங்கே, இனிப்பு எங்கே என்று அறிந்திருந்த நாம், பந்தியின் கடைசி விதியை மறந்துவிட்டோம். பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்கும்வரை காத்திருப்பதும் அவ்வொழுங்கில் ஒரு பகுதியன்றோ? முறை தெரியாதவர் அவரல்லர், நாமே!

அவர் மோர் வரை வந்து முடித்தபின், வரிசை முழுவதும் ஒன்றாக இலையை மடித்து எழுந்தது. பெரியவர் கடைசிப் பந்தியில்தான் உண்ண அமர்ந்தார்.

வாசகக் குடும்பங்களே, நம் இல்லங்களில் ஆளுக்கொரு நேரத்தில் தட்டை ஏந்தி உண்டு எழுகிறோம். வாரத்தில் ஒரு வேளையேனும் ஒன்றாக அமர்வோம். கடைசியாக உண்பவர் முடிக்கும்வரை காத்திருப்போம். அன்று எமது பேருந்து போய்விட்டது. அதற்கடுத்த பேருந்தில் நிறைவோடு திரும்பினோம்.