கதவைத் திறந்தது யார்?

சென்ற பொங்கலுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அப்பாருவின் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். வாழைத்தார்களை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்ட அப்பாரு, "கதவ நீக்கிப்போடாதீங்க கண்ணுகளா" என்றார். ஆவல் விடவில்லை, இரவில் இருமுறை திறந்து பார்த்தோம். படையலன்று காய்கள் பச்சையாகவே இருந்தன! "புகை பத்தல" என்று அப்பாரு தம்மையே நொந்துகொண்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

பின்புதான் படித்தோம். புகையிலுள்ள எத்திலீன் வாயுவே காய்க்கு வரும் செய்தி. அதனை ஏற்கும் புரதங்கள் காயின் செல்களில் உள்ளன. அதுவரை பழுக்கவிடாமல் தடுப்பவையும் அவையே! எத்திலீன் வந்து பொருந்தியதும் தடை நீங்கி, மாவுச்சத்து சர்க்கரையாகிறது. பழுக்கும் கனியும் எத்திலீனை வெளிவிடுவதை 1934-இல் இங்கிலாந்தில் கேன் என்ற அறிஞர் மெய்ப்பித்தார். அதனால் அடுத்த காயும் பழுக்கிறது.

நாங்கள் திறந்த கதவு வழியே அச்செய்தி வெளியேறிவிட்டது. குறை புகையில் இல்லை, அப்பாரு; எங்களை மன்னித்துவிடுங்கள்!