கல்லணையில் கேட்ட கேள்வி

பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது வீண் செலவு என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் சென்றுவந்தால் போதாதா என்று கேட்கின்றனர். உழைத்துக் களைத்த தந்தைக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. தாய்க்கோ அதுவும் இல்லை. ஆதலின் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. எனினும், வீட்டில் மாதக்கணக்காகப் பிள்ளைகளின் மனத்தில் அடைந்து கிடக்கும் கேள்விகள், வெளியே காற்றாட அமர்ந்திருக்கும் ஒரு மாலையில் தாமாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. அவ்வேளையில் பெற்றோர் கூறும் மறுமொழிக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை நாம் நேரில் கண்டோம்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து உழவர் குடும்பம் ஒன்று கல்லணைக்குப் புறப்பட்டபொழுது நம்மையும் உடன் அழைத்தது. கணவர், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகிய நால்வர். கட்டுச்சோறும் தண்ணீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு பேருந்தில் சென்றோம். அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான சூன் 12 அன்று திறக்கப்படவில்லை. போதிய நீர் இல்லாமையால் சூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. பின்னர் மேற்கே பெய்த பெருமழையால் இரண்டே நாளில் அணை தன் முழு அளவான 120 அடியை எட்டிற்று. ஆகவே நாம் சென்றபொழுது கல்லணை நிறைந்த வீடு போல் காட்சியளித்தது. மதகுகளில் நீர் பாயும் ஓசையைக் கேட்டு அந்த உழவர் நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அவர் மௌனத்துக்குக் காரணம் உண்டு. முந்திய 2023 ஆம் ஆண்டில் கருநாடகத்தின் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பருவமழை பொய்த்தது. சூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 அன்றே மூட நேர்ந்தது. அவர் குத்தகைக்கு எடுத்திருந்த இரண்டு ஏக்கர் குறுவை, கதிர் வாங்கும் பருவத்தில் கருகிற்று. மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. கல்லணைக்குச் சென்ற நாளிலும் அது மீண்டிருக்கவில்லை. நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாமா என்று அவர் நம்மிடம் ஒருமுறை கேட்டதுண்டு.

மணலில் அமர்ந்து உணவுப் பொட்டலங்களைப் பிரித்த வேளையில், சிறுவன் கேட்டான்: “அப்பா, கருநாடகத்துக்காரர்கள் எல்லாரும் நமக்கு எதிரிகளா?” யாரோ உறவினர் கைப்பேசியில் அனுப்பிய ஒரு படக்காட்சியை அவன் பார்த்திருக்கிறான். 2016 செப்டம்பரில் பெங்களூரில் நம் மாநிலத்துப் பேருந்துகள் எரிக்கப்பட்ட காட்சி அது. அதனுடன் வசைமொழிகளையும் யாரோ சேர்த்திருந்தனர்.

பயிரையும் பொன்னையும் இழந்த ஒருவர் அக்கேள்விக்கு “ஆம்” என்று ஒரே சொல்லில் மறுமொழி கூறியிருந்தால் யார் வியப்பர்? “சாமியைக் கேள்” என்று நம் பக்கம் கைகாட்டியும் இருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு, “பெங்களூரில் உன் சித்தி குடிக்கிற தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர்?” என்று திருப்பிக் கேட்டார்.

“தெரியாது.”

“இதே காவிரிதான். அப்படியானால் உன் சித்தியும் நமக்கு எதிரியா?”

சிறுவன் சிரித்துவிட்டான். ஆனால் மகள் விடவில்லை. “நமக்கென்று அளவு வைத்துத் தீர்ப்புச் சொன்னார்களே, பிறகு ஏன் நம் பயிர் கருகிற்று?” என்றாள். நியாயமான கேள்வி. 1990 இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 இல் இறுதித் தீர்ப்பளித்து, கருநாடகம் ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. நீர் விடவேண்டும் என்றது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதனை 177.25 ஆகக் குறைத்தது, குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் மக்களின் குடிநீர்த் தேவைக்கானது. மழை நன்கு பெய்த ஆண்டில் இக்கணக்கு பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். மழை பொய்த்த ஆண்டில் குறைவை எவ்வாறு பகிர்வது என்பதிலேதான் பூசல் மூள்கின்றது.

இதற்கு விளக்கம் கூறியவர் தாயார். “அரிசி குறைந்த நாளில் நான் எப்படிப் பரிமாறுகிறேன்?” என்று மகளைக் கேட்டார்.

“எல்லாருக்கும் கொஞ்சம் குறைத்து.”

“அடுப்படிக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் வயிறார உண்டுவிட்டால்?”

“அது தப்பு.”

“தப்புதான். அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்காக அவரை வீட்டைவிட்டுத் துரத்துவோமா?”

சட்ட நூல்களைப் புரட்டியவர்களும் இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ என்று நாம் வியந்தோம். உரிமையைக் கேட்பது வேறு, பகைமை கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை அறியாத மனிதர்கள்தாம் பேருந்துகளுக்குத் தீ வைக்கின்றனர்; அறியாத பெற்றோர்தாம் அக்காட்சியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கின்றனர்.

இன்னும் ஒன்று நடந்தது. உண்டு முடித்த சிறுவன் வெற்றுப் பையை ஆற்றில் எறியக் கையோங்கினான். தந்தை அவன் கையைப் பற்றினார். “இந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்துக் கடைமடைக்குப் போகிறது. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு நாம்தான் மேலே இருப்பவர்கள்” என்றார். நமக்கு மேலே உள்ளவரைக் குறித்து முறையிடும் நாம், நமக்குக் கீழே உள்ளவரை நினைப்பது அரிது. வாய்க்காலில் முறை தவறி மடை திறப்பவரும், குப்பையைக் கொட்டி மதகை அடைப்பவரும் நம் ஊரிலேயே உள்ளனரன்றோ?

நாட்டு நடப்பைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச நமக்கு என்ன படிப்பு இருக்கிறது என்று தயங்கும் பெற்றோருக்கு இதையே கூற விழைகின்றோம். அந்தத் தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். தாயார் அதனினும் குறைவு. அவர்களிடம் இருந்தவை இரண்டே: தாம் பட்ட துன்பத்தைப் பிள்ளையின் நெஞ்சில் நஞ்சாக இறக்கிவிடாத பொறுப்பு, கேட்ட கேள்விக்கு உடனே செவிகொடுத்த பொறுமை. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நாள்தோறும் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே இருக்கின்றன. நாம் வாய் திறவாவிடில் அவை சொன்னதே அவர்களுக்கு இறுதிச் சொல்லாகிவிடும்.

கரிகாலன் கல்லணையைக் கட்டியபொழுது ஆற்று மணலில் பெரும் பாறைகளை இட்டனர் என்பர். முதலில் இட்டவை மணலுள் அமிழ்ந்து கண்ணுக்கு மறைந்தன. அவற்றின்மேல் மேலும் மேலும் கற்களை அடுக்கவே அணை நிலைத்தது. பெற்றோர் கூறும் மறுமொழிகளும் அவ்வாறே. சொன்ன அன்று பயன் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து, கூட்டத்தோடு சேர்ந்து கல்லெறிய ஒருவர் அழைக்கும் நாளில், அன்று ஆற்றங்கரையில் கேட்ட சொல் அவர்கள் கையைப் பற்றும். ஆகவே வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதையேனும் பிள்ளைகளுக்கென ஒதுக்குவீர்களாக. கட்டுச்சோறும் பேருந்துக் கட்டணமும் தவிர வேறு செலவு இல்லை.