எந்தக் காட்டுக்கு?

“மாமா, காட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு கத்தி வாங்கணும். மடக்கற கத்தி வேணாம். ஆயிரம் ரூபாய்க்குள்ள சொல்லுங்க” என்று போனில் கேட்டான் அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் முதுகில் மூட்டையோடு மலை ஏறுகிற கோஷ்டி.

“எந்தக் காட்டுக்குடா?” என்றேன்.

விதண்டாவாதம் இல்லை. நம் ஊரில் இரண்டு காடு உண்டு. ஒன்று வனத்துறையின் காடு. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவே எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும் என்பது மலையேறும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். சரிதானே? அந்தக் காட்டுக்கு ஆப்பிள் நறுக்குகிற கத்தி போதும். அதையும் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, கூட்டேரிப்பட்டுப் பக்கத்து ஜனங்கள் ‘காட்டுக்குப் போறேன்’ என்று சொல்கிற காடு. மானாவாரிக் கொல்லை, வேலியோரம் சீமைக் கருவேலம், சவுக்குத் தோப்பு. அக்கா வீட்டுக்காரருக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் சவுக்கு நிற்கிறது. “அப்பாவால முடியல மாமா. பக்கக் கிளை கழிக்க இனிமே நான்தான் போகணும்” என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவன் ஆசைப்பட்டு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒன்று, கறுப்புச் சாயம் பூசி, முதுகில் ரம்பப் பல் வைத்த ‘ராணுவக் கத்தி’. அதைச் சினிமா வில்லனிடமே விட்டுவிடலாம். இன்னொன்று சுவீடனின் மோரா கத்தி. 1891-லிருந்து வருகிற பேர். சிவப்பு மரப்பிடி, நாலு அங்குல அலகு. நல்ல கத்தி, அதில் சந்தேகமில்லை. அங்கே தச்சரும் மீனவரும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற சாதாரணச் சாமான் அது. ஆனால், அது சீவுகிற கத்தி. கருவேல முள்ளுக்குள் நாலு அங்குல அலகோடு கையை விட்டீர்கள் என்றால், திரும்பி வரும்போது கை வேறு மாதிரி இருக்கும்.

நமக்கென்று ஒன்று இருக்கிறதே, கொடுவாள். முழங்கை நீளம்கூட இல்லை. கனம் முன்பக்கம். மூக்கு உள்நோக்கி வளைந்திருக்கும். முள் கிளையை அந்த மூக்கால் கொக்கி போட்டு இழுத்து, அப்புறம் வெட்டலாம். கை முள்ளுக்குள் போகவே வேண்டாம். இதை யார் வடிவமைத்தார்களோ, நிறைய முள் குத்து வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் பிரிகிற இடம் கூட்டேரிப்பட்டு. வாரச்சந்தை அன்று இறங்கினோம். ஆட்டுச் சத்தத்துக்கு நடுவில் சாக்கை விரித்து அரிவாள், களைக்கொத்து, கோடாரி பரப்பியிருந்தார்கள். பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்தான். “அத வையி. மினுக்குறதெல்லாம் சாணை புடிச்சது. அதுல இரும்பு என்னன்னு தெரியாது” என்றேன். அங்கிருந்து பக்கத்துக் கிராமத்துப் பட்டறைக்கே போய்விட்டோம்.

பட்டறைப் பெரியவர் லாரிப் பட்டையில்தான் அடிப்பார். பாரம் தாங்கி வளைந்து நிமிர்கிற பட்டை. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவிகிதம். கட்டடக் கம்பியில் ஏறக்குறைய இதில் பாதிதான். அந்த மிச்சக் கார்பன்தான் கூர்மையைப் பிடித்து வைக்கிறது. நேபாளத்துக் குக்ரிகூடப் பெரும்பாலும் இதே லாரிப் பட்டைதான்.

ஆனால், நல்ல இரும்பு பாதிக் கதை. மீதி, துவைச்சல். கோவைப்பழச் சிவப்பில் எடுத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்குகிறார். ‘சுர்ர்’ அடங்கியதும் எடுத்து ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்குகிறது. வைக்கோல் மஞ்சளாக ஒரு நிறம் ஓடிவருகிறது. அது விளிம்பைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். கொஞ்சம் முந்தினால் வாய் பொக்கை விழும், பிந்தினால் மழுங்கும். பட்டறை ஏன் எப்போதும் அரை இருட்டாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறீர்களா? வெயிலில் இந்த நிறம் தெரியாது.

வாங்குகிற நீங்கள் இதையெல்லாம் பார்க்க முடியாது என்றால், அவரையே வாயில் லேசாக ஓர் அரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் போவதுபோல வழுக்கினால் ரொம்ப விறைப்பு. வெண்ணெயாக வழித்தால் பதமே இல்லை. கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் வழுக்க வேண்டும். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், பிடிக்குள் இறங்குகிற காம்பு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். விரல் நீளக் காம்பை அரக்கில் ஒட்டிக் கொடுத்தால், ஓங்குகிறபோது அலகு எதிரில் நிற்பவரைத் தேடிப் போகும். பிடியில் முக்கால்வாசியாவது இறங்கி, வாயில் இரும்புப் பூண் இருக்க வேண்டும்.

எழுநூறு ரூபாய் சொன்னார். பையன் பேரம் பேச வாயெடுத்தான். காலை மிதித்தேன். ஆன்லைன் கடையில் பேரமா பேசினான்?

“மழுங்கினா தீட்டுங்க தம்பி, மிஷின்ல மட்டும் குடுத்துடாதீங்க, சூட்டுல பதம் போயிடும். வெட்டி முடிச்சதும் தொடச்சி தேங்காயெண்ணெ தடவி வைங்க. தேஞ்சா எடுத்தாங்க, காய்ச்சி அடிச்சுத் தரேன்” என்றார். எழுநூறு ரூபாயில் இதுவும் சேர்த்தி. எந்த வெப்சைட்டிலும் இது கிடையாது. நம் மண்ணில் இரும்புக்கு 5,300 வருட வயசு என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். உங்கள் ஊரில் எரிகிற உலை எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். இவர் பட்டறையில் சம்மட்டி அடிக்க ஆள் இல்லை. சம்சாரம்தான் அடிக்கிறார். மகன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில்.

கிளம்பும்போது, “ஒரு நிமிஷம் சார்” என்று கோடு போட்ட நோட்டு ஒன்றை நீட்டினார். 2021 செப்டம்பரில் ரவுடிகளைப் பிடிக்கிறோம் என்று மாநிலம் முழுக்கச் சோதனை போட்ட போலீஸ், அரிவாள் விற்பவர்கள் வாங்குபவரின் பேர், முகவரி, போன் நம்பர், காரணம் எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னது. அந்த நோட்டு. இவர் இன்னும் விடாமல் எழுதுகிறார்.

காரணம் என்ற கட்டத்தில் பையன் ‘சவுக்கு’ என்று எழுதினான். மேலே இருந்தவை: இளநீர், வேலி, கரும்பு, வேலி, இளநீர், ஆடு. எங்களுக்கு முன்னால் ஆறே வரி. முதல் வரியின் தேதி இரண்டு மாதம் பழையது.