வாழ்த்துக்கு ஒரு மடக்கு

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி மாலையே மட்காவ் மதுக்கடைக்குத் துண்டுக் காகிதத்துடன் வந்துவிட்டார் குழந்தையின் தாத்தா. விருந்துக்குப் பெரியவர்கள் 40 பேர். செலவு அவருடைய பென்ஷனிலிருந்து. மும்பையில் வேலை பார்க்கும் மகனின் பார்வை மேல்தட்டில், வெளிநாட்டுச் சரக்கின் மீது. தாத்தாவின் கை நீள்வது கீழ்த்தட்டுக்கு: கோவா போர்ட் ஒயின்.

அந்தப் பெயர் ஒரு செல்லப் புளுகு. அசல் போர்ட், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. திராட்சை ரசம் பாதி நொதிக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்துவதால் இனிப்பு தங்கிவிடும். ஆல்கஹால் 20 சதவீதத்தை எட்டும். கோவாவிலோ சொல்லிக்கொள்ளும்படி திராட்சைத் தோட்டமே கிடையாது. 1961-ல் போர்ச்சுகீசியர் போனார்கள், பெயர் போகவில்லை.

ஒயின் ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் குழந்தையின் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து கோப்பையை உயர்த்தும் அந்த ஒரு நிமிடத்துக்கு இங்கே வழக்கம் இதுதான். மற்ற நாளில் மதுவைத் தொடாத பாட்டியும் அன்று உதட்டை நனைப்பார். இனிப்பில்லாத, துவர்க்கும் ஒயினைக் கொடுத்தால் அவர் முகம் கோணிவிடும். ஆளுக்கு 60 மில்லி என்றால் 750 மில்லி பாட்டில் 12 பேருக்கு வரும். நான்கு பாட்டில் போதும்.

சாப்பாட்டுக்கு அது உதவாது, திகட்டும். பந்தியில் சொர்ப்பதெல், விண்டலூ. விண்டலூவின் போர்ச்சுகீசிய மூலப்பெயரிலேயே ஒயினும் பூண்டும் உண்டு. கோவாவுக்கு வந்தபின் ஒயினின் இடத்தைக் கள்ளுக் காடி பிடித்துக்கொண்டது. இந்தக் காடிப் புளிப்போடும் மிளகாயோடும் துவர்ப்பான சிவப்பு ஒயின் சண்டை போடும், நாக்கு எரியும். மகன் கேட்ட விலையுயர்ந்த பாட்டிலும் அந்த ரகம்தான். லேசான இனிப்புள்ள நாசிக் செனின் பிளாங்க்கை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தால் காரம் அடங்கும், விலையும் தாங்கும்.

பாதிப் பேர் பெனிக்கும் பீருக்கும் போய்விடுவார்கள். மீதி 20 பேருக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை, பாட்டிலுக்கு ஐந்து கோப்பை, ஆக எட்டு. 21 வயது நிரம்பாதவர்களுக்குக் கோகம் சர்பத்.

மகன் இன்னும் மேல்தட்டையே பார்க்கிறார். ஞானத்தந்தைக்கென்று ஒரே ஒரு பாட்டிலுக்கு தாத்தா சம்மதிக்கிறார். பணம் மகனுடையது. திறக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் படியிறங்குகிறார்.